ஒன்றரை பிஸ்கட்

அண்ணன் பேருந்து ஓட்ட ஆரம்பித்து இருபத்தாறு வருடம். இத்தனை வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அவரே சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதரைப் பணிமனை மருத்துவர் கூப்பிட்டு உட்காரவைத்து, "இனிமே நீங்க ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். ஒரு நாள் காலை மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது சாலை நடுவே இருந்த வெள்ளைக்கோடு அவருக்கு இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார், கோடு மூன்றானது. அதற்கு மேல் ஒரு நொடி யோசிக்கவில்லை. வண்டியை ஓரம்கட்டி, கை பிரேக்கை இழுத்து, சாவியைப் பிடுங்கி நடத்துனரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். உள்ளே ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள். "கண்ணு தெரியாத ஆளை எவன்யா வண்டியில ஏத்தினது?" என்று ஒருவர் சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார். அண்ணன் மாற்று வண்டி வருகிறவரை பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தார்.

அப்புறம்தான் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரி என்று சர்க்கரைக்காரர்களுக்கு ஓர் எண் உண்டு. வருடக்கணக்காக ஏழைத் தாண்டாமல் அவர் காப்பாற்றி வந்த எண் அது. இப்போது பதினொன்றைத் தொட்டிருந்தது. மருந்தை மாற்றினார்கள், மாத்திரையோடு ஊசியும் சேர்ந்தது. புதன்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களுக்குச் சாப்பாட்டு வகுப்பு நடக்கும், வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார்கள்.

அண்ணிக்கு அன்றைக்கு வேலையில் விடுப்பு இல்லை. அண்ணன் தங்கைக்குப் போன் போட்டார். "பாப்பா, நீ வந்துடு. நம்ம குடும்பத்துல இந்த சாப்பாட்டு சமாச்சாரமெல்லாம் படிச்சவ நீ ஒருத்திதானே."

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அலுவலகத்தில் அவள் கையெழுத்துக்காக எட்டுப் பேர் காத்திருப்பார்கள். அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவருக்கு எதனால் சர்க்கரை ஏறியது என்று இவர்களில் யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

அவள் ஒரு பிஸ்கட் கம்பெனியில் லேபிள் பிரிவின் தலைவி. பாக்கெட்டின் முதுகில் கட்டம் கட்டி, கொழுப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று போட்டிருக்குமே, அதை எழுதுகிற பிரிவு. மூன்று வருடத்துக்கு முன்னால் கம்பெனி முழுத்தானிய பிஸ்கட் ஒன்றைக் கொண்டுவந்தது. பேர்தான் முழுத்தானியம், மாவில் பத்தில் ஒரு பங்கு தானியம், மீதி வழக்கமான மைதா. பாக்கெட்டில் பன்னிரண்டு பிஸ்கட். பன்னிரண்டுக்கும் சேர்த்து இருபத்து நாலு கிராம் சர்க்கரை.

கூட்டத்தில் விற்பனை மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இருபத்து நாலுன்னு போட்டா உடம்பைப் பாத்துக்கறவங்க ஒருத்தர் தொட மாட்டாங்க. அவங்களுக்காகத்தான் இந்த பிஸ்கட்டே. வேற வழியே இல்லையா?"

அவள்தான் முதலில் பேசினாள். "முழு பாக்கெட்டுக்கும் போடணும்னு விதியில இல்ல சார். ஒரு வேளைக்கு எவ்வளவுன்னு போட்டா போதும். அந்த ஒரு வேளை அளவு எவ்வளவுங்கறதை நாமளே வெச்சுக்கலாம்." சொல்லிக்கொண்டே கால்குலேட்டரைத் தட்டினாள். மூன்று பிஸ்கட் என்றால் ஆறு கிராம். இரண்டு என்றால் நாலு. "ஒன்றரைன்னு வெச்சா மூணு சார். மூணுன்னா பாக்க நல்லாருக்கும்."

மேலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மற்றவர்களும் தட்டினார்கள். பாக்கெட்டின் முன்பக்கம் பச்சை வட்டத்துக்குள் 'ஒரு வேளைக்கு 3 கிராம் சர்க்கரை மட்டுமே' என்று கொட்டை எழுத்தில் வந்தது. ஒரு வேளை என்றால் ஒன்றரை பிஸ்கட் என்பது பின்பக்கம், மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் வந்தது. அந்த வருடம் அவளைப் பிரிவுக்குத் தலைவியாக்கினார்கள்.

யாராவது அவளை மிரட்டியிருந்தால், வேலை போய்விடும் என்று பயமுறுத்தியிருந்தால், இப்போது சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். ஒருவரும் வற்புறுத்தவில்லை. கேட்பதற்கு முன்னால் அவளே எடுத்துக் கொடுத்தாள். அன்று வீட்டுக்குப் போகும்போது தன் மூளையை நினைத்து அவளுக்கே பெருமையாகக்கூட இருந்தது.

அந்த பிஸ்கட் அவள் வீட்டுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. மகள் ஒரு தடவை கேட்டபோது, "அது வேணாம்டா, வெறும் சர்க்கரை" என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் பையில் அதை முதலில் பார்த்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தாள். கொக்கியில் மாட்டியிருந்த வேலைப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து ஆட்டிக் காட்டினார். "பாத்தியா? நம்ம பாப்பா பிஸ்கட்! காலை டிரிப் முடிஞ்சா ஒரு பாக்கெட், சாயங்கால டிரிப் முடிஞ்சா ஒரு பாக்கெட். வேளைக்கு மூணே கிராம். டாக்டரே வந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது."

ஒரு வேளை என்றால் ஒரு பாக்கெட் என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? இல்லை அண்ணா, அது அப்படியில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால், அப்புறம் ஏன் அப்படிப் போட்டே என்று கேட்பார். அவள் சிரித்துவிட்டு, "அண்ணி, டீ இருக்கா?" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

இரண்டாவது தடவை, அவள் வீட்டில் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் பணிமனைக்குப் போனபோது. அங்கே டீக்கடையில் அந்தப் பச்சை வட்டப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. "உங்க அண்ணன் சொல்லித்தாம்மா வாங்கி மாட்டினேன்" என்றார் கடைக்காரர். "இங்க டிரைவர், கண்டக்டர் பாதிப் பேருக்கு சர்க்கரை. எல்லாருக்கும் இதுதான் இப்போ." அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் அலுவலகத்தில், பேருந்து ஊழியர்கள் நடுவே நம் பிஸ்கட் சக்கைப்போடு போடுகிறது என்று மேலாளரிடம் நல்ல செய்தியாகச் சொன்னாள்.

இதையெல்லாம் சுமந்துகொண்டுதான் புதன்கிழமை வகுப்புக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நீளமான அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள் நாலு வரிசை. முன்னால் மேசையில் காலிப் பாக்கெட்டுகள், காலிப் புட்டிகள், ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு கிண்ணம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி. உணவு ஆலோசகர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. அந்தக் கட்டிய குரலிலேயே அறையைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள்.

"முன்பக்கம் இருக்கறது விளம்பரம். பின்பக்கம் இருக்கறதுதான் வாக்குமூலம். நாம எல்லாரும் விளம்பரத்தைப் படிச்சுட்டு வீட்டுக்குப் போயிடறோம்." சொல்லிவிட்டு மேசையைத் துழாவினாள். அவள் கை எதை எடுக்கப்போகிறது என்று தங்கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. பச்சை வட்டம் மேலே வந்தது.

"இதை எத்தனை பேர் சாப்பிடறீங்க?"

பாதி அறை கை தூக்கியது. அண்ணன் கை தூக்கியதோடு எழுந்தும் நின்றார்.

"அம்மா, ஒரு நிமிஷம். அது நல்ல பிஸ்கட்டும்மா. மத்ததைச் சொல்லுங்க, அதைச் சொல்லாதீங்க. என் தங்கச்சி அந்த கம்பெனியிலதான் இருக்கா. அந்த எழுத்தெல்லாம் போடறதே அவதான். பாத்துப் பாத்துப் போடுவா." பெருமையில் அவர் முகம் மலர்ந்திருந்தது. அறை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது.

"அப்படியா? ரொம்ப நல்லது" என்றாள் ஆலோசகர். கிண்டல் இல்லாமல்தான் சொன்னாள். "நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"ரெண்டு வேளை. ரெண்டு பாக்கெட். ஆறு கிராம்தான்."

"பின்னால என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்களேன்."

அண்ணன் பாக்கெட்டை வாங்கி முழங்கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். மறுபடி தள்ளினார். "என் கண்ணுதான் இப்ப சரியில்லையே. பாப்பா, இந்தா நீ படி. நீ எழுதினதுதானே."

அவள் வாங்கிக்கொண்டாள். படிக்க அவளுக்குக் கண்ணே தேவையில்லை. புள்ளி, கோடு எல்லாம் மனப்பாடம். ஆனாலும் குனிந்து பார்த்துக்கொண்டே படித்தாள். நிமிர்ந்தால் அண்ணன் முகம் தெரியும்.

"ஒரு வேளை அளவு... ஒன்றரை பிஸ்கட்."

"அடுத்த வரி?"

"இந்தப் பாக்கெட்டில்... எட்டு வேளை."

இரண்டாம் வரிசையில் இருந்த முடிதிருத்துகிறவர், "ஒன்றரையா? மீதி அரையை என்னங்க பண்றது? காதுல சொருகிக்கணுமா?" என்றார். அறையே வெடித்துச் சிரித்தது. முன்வரிசைத் தையல்காரம்மா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "அந்த கம்பெனிக்காரங்க வீட்டுல எவனாவது ஒன்றரையோட எந்திரிச்சுப் போறானான்னு போய்ப் பாக்கணும்" என்றாள். மறுபடி சிரிப்பு. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

ஆலோசகர் டம்ளரை எடுத்து முன்னால் வைத்து, சர்க்கரையை அள்ளிப் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு கரண்டி. "இது ஒரு பாக்கெட். அண்ணன் ரெண்டு சாப்பிடறார்." இன்னும் ஆறு. டம்ளரில் சர்க்கரை இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. "இது சும்மா போட்ட சர்க்கரை மட்டும். அந்த மைதா உள்ள போய் என்ன ஆகும்? அதுவும் சர்க்கரையாத்தான் ஆகும்."

அண்ணன் அந்த டம்ளரையே பார்த்தார். "ரெண்டு வருஷமா..." என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஆலோசகர் இவள் பக்கம் திரும்பினாள். குரல் மாறியிருந்தது. "மேடம், நீங்க லேபிள் பிரிவுலயா இருக்கீங்க? இந்த ஒன்றரைங்கறது எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா? நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்கறேன்."

நாலு வரிசையும் காத்திருந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

"இல்லைங்க. நான் வேற பிரிவு."

அண்ணன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்த்துவிட்டு, அவர்தானா வேறு ஆளா என்று நாம் குழம்புவோமே, அப்படி ஒரு பார்வை. பிறகு ஆலோசகர் பக்கம் திரும்பினார்.

"ஆமாம்மா, அவ வேற பிரிவு. நான்தான் உளறிட்டேன். எனக்கு இந்த ஆபீஸ் விவகாரமெல்லாம் எங்க தெரியுது?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வகுப்பு முடிகிறவரை அவர் கைகளை முழங்காலில் வைத்து நேராகப் பார்த்தபடியே இருந்தார். எத்தனையோ இடத்தில் எத்தனையோ பேர் முன்னால் அவள் தலைகுனிந்திருக்கலாம். ஆனால் தனக்காக இன்னொருவர் பொய் சொல்லிக் காப்பாற்றிய இடத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல ஒரு கூச்சத்தை அவள் அதுவரை அனுபவித்ததில்லை.

திரும்பிப் போக இருவருக்கும் ஒரே பேருந்துதான். அண்ணன் பழக்கதோஷத்தில் ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். ஓட்டுநர் பிரேக் போடும்போதெல்லாம் இவர் வலது காலும் தரையை மிதித்தது. ஐந்தாறு நிறுத்தம் தாண்டியது.

"உனக்குத் தெரியுமா?" என்றார் திடீரென்று.

"தெரியும்ணா."

"அந்த ஒன்றரை?"

"நான்தான் போட்டேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். அது பெரிய விஷயமில்லை என்பதுபோல் இருந்தது அந்த ஆட்டல். "அது வேலை. வேலையில ஆயிரம் இருக்கும். நான் அதைக் கேக்கல. நான் சாப்பிடறதைப் பாத்தியே. பையைத் திறந்து உன் கையில காட்டினேனே."

"பாத்தேன்."

"பாத்துட்டு டீ கேட்டே."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சமாதானப்படுத்த வேண்டிவரும் என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டாள். அண்ணன் அடுத்த நிறுத்தத்தில் எழுந்து இறங்கிவிட்டார். அவர் வீட்டுக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது.

மறுநாள் காலை அண்ணி போன் செய்தாள். அண்ணி சாதாரணமாகக் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. "வீட்டுல நான் ஒவ்வொரு கரண்டியும் அளந்து போட்டேன். அவர் தட்டைப் பாத்துப் பாத்து என் சாப்பாடே மறந்துபோச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை, அண்ணி அதை நிறுத்தச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்தை, அவருக்குத் தெரியாம சொல்லியிருக்கலாமே? நான் உன்னைக் காட்டிக் கொடுத்திருப்பேனா?"

"தப்புதான் அண்ணி."

"உன் வீட்டு அலமாரியில அந்த பாக்கெட்டை நான் பாத்ததே இல்ல. இவ ரொம்ப சிக்கனம்னு நினைச்சேன்" என்றாள் அண்ணி. பிறகு, "அவர் மேம்பாலத்துல வண்டியை நிறுத்தாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதை நினைக்காமல் தங்கை ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை. ஐம்பது பேர், ஆளுக்கு ஒரு வீடு.

அன்றைக்கே விற்பனை மேலாளர் அறைக்குப் போனாள். முன்பக்கத்தில் முழுப் பாக்கெட்டின் சர்க்கரை அளவையும் போட்டுவிடலாம் என்றாள். மாதிரி வரைந்தும் கொண்டுபோயிருந்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம லேபிள்ல ஒரு பொய் இருக்கா, காட்டுங்க பாப்போம்."

"பொய் இல்ல சார். பொய் சொல்லாமலே ஏமாத்தியிருக்கோம்."

"ஏமாத்தியிருக்கோமா?" அவர் நிஜமாகவே புண்பட்டவர்போல நிமிர்ந்தார். "கால்குலேட்டரைத் தட்டினது நீங்க. மூணுன்னா பாக்க நல்லாருக்கும்னு சொன்னது நீங்க. இப்ப எங்களையும் சேத்து இழுக்கறீங்களே?" கொஞ்சம் தணிந்து, "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா? ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஆட்சேபக் கடிதம் மட்டும் போயிடணும், மறந்துடாதீங்க" என்றார்.

அவர் சொன்ன கடிதம் உணவுத் தர அலுவலகத்துக்குப் போகவேண்டியது. ஒரே மூச்சில் சாப்பிட்டு முடிக்கிற பாக்கெட்டுகளில் முழுப் பாக்கெட்டின் அளவைத்தான் போடவேண்டும் என்று புது விதி கொண்டுவர அந்த அலுவலகம் யோசித்து, கருத்துக் கேட்டிருந்தது. கம்பெனி சார்பில் மறுப்பை எழுதுகிற பொறுப்பு அவளுடையது. போன மாதமே எழுதியும் வைத்திருந்தாள், அழகாக: பெரிய எண்களைப் பார்த்தால் பொதுமக்கள் குழம்புவார்கள், வாங்குகிறவர்கள் அறிவுள்ளவர்கள், பின்பக்கம் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது.

இப்போது எடுத்துப் படித்தபோது ஒவ்வொரு வரியும் நாற்றமடித்தது.

அந்தக் கடிதத்தை மேலாளருக்கு அனுப்பிவிட்டு, அதில் தன் கையெழுத்து வேண்டாம் என்று எழுதினாள். இன்னொன்றை அதே உணவுத் தர அலுவலகத்துக்கு, தன் பேர், பதவி, வீட்டு முகவரி போட்டு எழுதினாள். ஒன்றரை என்பது எப்படி வந்தது, எந்த எண்ணைப் பிடிக்க எந்த எண்ணை வெட்டினோம், அதைப் பேருந்து ஓட்டுகிறவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று நாலு பக்கம். வேறு ஒருவர் பேரையும் அதில் இழுக்கவில்லை. 'இந்த யோசனை என்னுடையது' என்ற வரியை மட்டும் மூன்று தடவை அடித்து அடித்து எழுதினாள். ஒவ்வொரு தடவையும் கை அதை 'எங்களுடையது' என்றே எழுதப் பார்த்தது.

அடுத்த புதன்கிழமை தனியாக அதே அறைக்குப் போனாள். அண்ணன் வெள்ளிக்கிழமைக் குழுவுக்கு மாறிவிட்டார் என்று வாசலிலேயே சொன்னார்கள். முன்னால் போய் நின்று சொன்னாள். "போன வாரம் நான் பொய் சொன்னேன். அந்த லேபிள் என்னோடதுதான். ஒன்றரைன்னு வெச்சதும் நான்தான்."

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். யாரும் திட்டவில்லை. சிரிக்கவைத்த முடிதிருத்துகிறவர் இன்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மாதான் கடைசியில் பேசினாள்.

"என் பேத்திக்குப் பள்ளிக்கூடத்துக்கு அதைத்தாம்மா தினமும் கொடுத்தனுப்பறேன். நல்லதுன்னுதானே கொடுக்கறேன்." குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. விளக்கம் கொடுக்கிற குரல். தானே தப்புச் செய்துவிட்டது போல அந்தம்மா விளக்கம் கொடுத்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை. "நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலைம்மா" என்று சொல்ல வந்தவள், அதைச் சொல்லத் தனக்கு என்ன யோக்கியதை என்று நின்றுவிட்டாள்.

ஆலோசகர் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. மேசையைக் காட்டினாள். "இந்தப் பாக்கெட்ல எல்லாம் எங்கெங்க என்ன வேலை பண்ணியிருக்காங்கன்னு எனக்குப் பாதிதான் தெரியும். உங்களுக்கு முழுசா தெரியும். சொல்லிட்டுப் போங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது. சர்க்கரையை மூன்று நாலு பேரில் பிரித்துப் பட்டியலில் கீழே இறக்கிவிடுவது, உப்பு என்று எழுதாமல் சோடியம் என்று எழுதி எண்ணைச் சிறியதாக்குவது, வறுக்காதது என்று எழுதி எண்ணெயைத் தெளித்து வைப்பது. ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் போனாள். ஒவ்வொரு வாரமும் புது முகங்கள் இருக்கும். ஒவ்வொரு வாரமும் முதல் வாக்கியமாக, இது நான் போட்ட லேபிள் என்று சொல்லித்தான் தொடங்க வேண்டியிருந்தது. சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்தாள். பழகவில்லை.

கடித விஷயம் ஆறு வாரத்தில் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. முதலில் கிடங்குக்கு மாற்றினார்கள். பிறகு, ராஜினாமாவை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்றார்கள். எழுதிக் கொடுத்தாள். தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில், பழைய வேலையைவிட மூன்று படி கீழே, மாதிரிகளை எடைபோடுகிற வேலை கிடைத்தது.

விதி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வரும்போது பாதி பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். முழுப் பாக்கெட்டின் அளவைப் போடவேண்டும் என்பது நின்றது. எழுத்து இத்தனை பெரிதாக இருக்கவேண்டும் என்பது போய்விட்டது. பச்சை வட்டம் காணாமல் போனது. பழைய கம்பெனி மூன்றே மாதத்தில் ஆறு பிஸ்கட் பாக்கெட் ஒன்றைப் போட்டு, பன்னிரண்டு கிராம் என்று அச்சடித்துவிட்டது. ஆனாலும் கடைகளில் ஆட்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதை அவள் பார்த்தாள். முன்பு அப்படி யாரும் செய்ததில்லை.

அண்ணனுக்குக் கண் தெளிந்துவிட்டது. மூன்று மாத எண்ணும் மெல்ல இறங்கியது. ஆனால் பணிமனை அவரை மறுபடி வண்டியில் ஏற்றவில்லை. நேரக் காப்பாளர் மேசையில் உட்காரவைத்தார்கள். யார் வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவதுதான் இப்போது அவர் வேலை. தங்கையிடம் பேசவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போனால் வா என்பார், மகளைப் பற்றிக் கேட்பார், உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். பாப்பா என்ற வார்த்தை மட்டும் எங்கோ போய்விட்டது. பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை வகுப்பு தொடங்குகிற நேரத்தில் வாசலில் சலசலப்பு. சீருடையோடு பத்துப் பன்னிரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஓட்டுநர்கள், நடத்துனர்கள், அவர்களுக்குப் பின்னால் பணிமனை டீக்கடைக்காரர். எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியாக அண்ணன் வந்தார். கையில் ஒரு நோட்டுப்புத்தகம். கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்தார்.

அவர் சொல்லைக் கேட்டு அந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டவர்கள் இவர்கள். அவர்கள் முன்னால் இன்று அந்த முதல் வாக்கியத்தைச் சொல்லவேண்டும். பழைய பாக்கெட்டை எடுத்தாள். "இது நான் போட்ட லேபிள்" என்றாள். எப்படிப் போட்டாள், ஏன் போட்டாள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். டீக்கடைக்காரர் பக்கத்து ஆளைப் பார்த்தார். ஒரு நடத்துனர் மெதுவாக, "அடப்பாவமே" என்றார். யாருக்காக அந்தப் பாவம் என்று தெரியவில்லை. அண்ணன் தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

வேறு பாக்கெட்டுகளுக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்துச் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றபோது, சுவரோரத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. அண்ணன் எழுந்து ஒரு பழச்சாறுப் புட்டியை உயர்த்திக் காட்டினார்.

"மேடம், ஒரு சந்தேகம். இதுல சர்க்கரை சேர்க்கலைன்னு போட்டிருக்கு. ஆனா குடிச்சா தித்திக்குது. இதை இவங்க குடிக்கலாமா, கூடாதா?"

மேடம். வேடிக்கைக்குச் சொன்னாரா, தண்டனையாகச் சொன்னாரா, இல்லை எல்லார் முன்னாலும் மரியாதை கொடுத்துத் தூக்கிவிட்டாரா? அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பழத்தைக் காய்ச்சிக் காய்ச்சி கெட்டியாக்கி ஊத்தியிருப்பாங்க" என்றாள். "பட்டியல்ல பழச்செறிவுன்னு இருக்கும், பாருங்க. பேர்தான் பழம். உடம்புக்கு அதுவும் சர்க்கரைதான். கூடாதுங்க."

அண்ணன் புட்டியைத் திருப்பி, கண்ணாடியைச் சரிசெய்து, அந்த வார்த்தையைத் தேடிக் கண்டுபிடித்தார். பக்கத்தில் இருந்த ஓட்டுநருக்கு விரலால் தொட்டுக் காட்டினார். நோட்டில் எழுதிக்கொண்டார்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த கையைத் தூக்கியிருந்தவர் டீக்கடைக்காரர். அவருக்கு நிறையச் சந்தேகங்கள் இருந்தன.